மணிக்கூண்டுக்கு முன்னால் அப்பா ஓடிய நாள்

“…ஆடறப்ப ஒங்கம்மா தலையில பூ இருந்துச்சு. ஒங்கப்பன் ஓடி வர்றப்ப இல்ல. திருப்பிப் போடு,” என்றார் அத்தை.

ரிமோட் என் கையில் இருந்தது. அம்மா சமையலறையில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தார். அத்தை என் அப்பாவின் அக்கா. அண்மையில்தான் அவருக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “இப்ப எறும்பு நடந்தாக்கூடத் தெரியுதுலா. ஒன் வீட்டு மூலையில ஒட்டடை தொங்குது பாரு” என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வந்தார். அப்பா தவறி ஒரு வருசமாகி, திதி கொடுத்து முடித்த மறுவாரம் அது. “என் தம்பி அந்தப் படத்துல ஓடி வர்றானாமே, ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்” என்று அவரே வாய்விட்டுக் கேட்டார். படம் வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு வெளியே, சொந்தத்தில் அதைப் பார்க்காத ஒரே ஆள் அத்தைதான். ஏன் என்று சொல்கிறேன்.

நம்ம வயசுக்காரர்களுக்கு அந்தக் காலத்தை விளக்க வேண்டியதில்லை. ரப்பர் தோட்டத்தை விட்டு ஒவ்வொரு குடும்பமாக லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டு டவுன் பக்கம் வந்த வருசங்கள். நாங்கள் மலாக்கா டவுனை ஒட்டிய பாச்சாங்கில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு வந்து சேர்ந்தோம். அப்பா குருபோங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் போனார். தோட்டத்தில் அவரை மீசைக்காரர் என்பார்கள், பந்து விளையாட்டில் கோல் காவல்காரர் என்பார்கள், திருவிழாவில் காவடிக்காரர் என்பார்கள். தொழிற்சாலையில் சட்டையில் இருந்த நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். “நம்பர் கூப்பிட்டா நான் ஏன் திரும்பணும்னு மொத மாசம் நின்னுட்டேன்லா, அப்புறம் பழகிப் போச்சு” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பு மீசை வரைக்கும்தான் வரும்.

அத்தையும் மாமாவும் ஜாசின் தாண்டி உள்ளே, தோட்டத்திலேயே இருந்துவிட்டார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்திருந்தது. மாமாவுக்கு நெஞ்சில் சளி. இருமி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, “இன்னிக்குப் பொழுத ஓட்டியாச்சு. நாளைக்குப் பொழுது வந்து நம்மளத் தேடட்டும்” என்பார். நான் போனால் பக்கத்தில் உட்கார வைத்து, பிஸ்கட் டின்னைத் திறந்து எனக்கு முதலில் நீட்டுவார். உடைந்த பிஸ்கட்டைத் தனக்கு எடுத்துக்கொள்வார். அந்த டின்னின் மூடியில் ஒரு குதிரை வண்டி படம் இருக்கும். இப்போது எங்கே தேடினாலும் அந்த மாதிரி டின் கிடைக்கவில்லை. தேடியிருக்கிறேன்.

பள்ளி விடுமுறை, மழையே இல்லாத மாதம். வீடியோ கேசட் கடைக்காரர்தான் செய்தியை முதலில் சொன்னவர். “மெட்ராஸ்லேருந்து ஆளுங்க வந்து எறங்கிட்டாங்க. ஞாயித்துக்கெழம செவப்புக் கட்டடத்துல ஷூட்டிங். பாட்டு சீனுக்குக் கூட்டம் வேணுமாம். போறவங்க போங்க, போகாதவங்க என்கிட்ட கேசட் வாங்கிப் பாருங்க!”

மலாக்காவில் இருப்பவர்களுக்கு அந்தச் சிவப்புக் கட்டடம் ஓர் இடமே அல்ல. பஸ்ஸில் அதைத் தாண்டிப் போவோம், அவ்வளவுதான். பள்ளியில் டச்சுக்காரன் கட்டியது என்று எழுதி மார்க்கு வாங்குவோம். மணிக்கூண்டு மணி பார்க்க, கோட்டை வாசல் வெள்ளைக்காரச் சுற்றுப்பயணிகள் போட்டோ எடுக்க. அப்படிப்பட்ட இடத்துக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை குளித்து முழுகிப் புதுத்துணி உடுத்திக்கொண்டு போனோம். எனக்கு மஞ்சள் கவுன். அம்மா கோயிலோரம் பூ விற்கிற அம்மாவிடம் மல்லிகைச் சரம் வாங்கித் தலை நிறைய வைத்துக்கொண்டார். அம்மாவுக்கு அடர்த்தியான முடி. பூ வைத்தால் பின்னால் இருந்து பார்க்கிறவர்களுக்கே ஒரு சந்தோசம் வரும். அப்பா, “யாரு ஹீரோயின்னு கொழம்பிரப் போறாங்க” என்றார். “நீங்க பேசாம வாங்க” என்று அம்மா வெட்கப்பட்டதை நான் பார்த்தேன்.

பாலத்தைத் தாண்டினால் ஒரே கயிறு. கயிற்றுக்கு இந்தப்பக்கம் நாம், அந்தப்பக்கம் சினிமா. மலாய் எழுத்துப் பலகைகளை எல்லாம் அட்டை வைத்து மறைத்துக்கொண்டிருந்தார்கள். உதவி டைரக்டர் ஒருவர், தொண்டை கட்டிய ஒல்லி மனிதர், எங்களைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இன்னா சார் இது, கதைப்படி இது ஐரோப்பா! கூட்டம் பூரா நம்ம மயிலாப்பூர் மூஞ்சியா இருக்கே!”

“மாவு இருந்தா பூசி விடுங்கலா, நாங்க ரெடி!” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

“போர்த்துகீசு வந்தான், டச்சு வந்தான், இங்கிலீஷ்காரன் வந்தான், இப்ப சினிமாக்காரன் வந்து நம்மளையே நம்ம ஊர்ல வெளியூர்க்காரனா ஆக்கிட்டான்” என்றார் அப்பா. அதற்கும் சிரிப்பு. கடைசியில் எங்களைச் சுற்றுப்பயணிகள் என்று வைத்துக்கொள்ளலாம் என முடிவு செய்து, ஆளுக்கொரு காகிதத் தொப்பி கொடுத்து நீரூற்றைச் சுற்றி நிற்க வைத்தார்கள். முதல் காட்சியில் எங்களுக்கு வேலை கைதட்டுவதுதான். நாயகனும் நாயகியும் ஆடினார்கள், நாங்கள் தட்டினோம். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தொப்பி பூவை அமுக்குகிறது என்று அதைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

அதற்கு அப்புறம்தான் அப்பாவைக் கூப்பிட்டார்கள்.

ஓரமாகப் பெச்சா வண்டிகள் நின்றன. சைக்கிளுக்குப் பக்கத்தில் இருக்கை வைத்த அந்த மூன்று சக்கர வண்டிதான், குடை முழுக்கப் பிளாஸ்டிக் பூ. நாயகன் வண்டிக்காரரைத் தள்ளிவிட்டு நாயகியை ஏற்றிக்கொண்டு மிதிக்க வேண்டும், வண்டிக்காரர் துண்டை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி வர வேண்டும். வண்டியின் சொந்தக்கார மலாய்ப் பெரியவர் வெட்கப்பட்டு, முடியவே முடியாது என்று மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். டைரக்டர் கூட்டத்தைக் கண்ணால் துழாவி, அப்பாவிடம் வந்து நிறுத்தினார்.

“அந்த மீசைக்கார ஐயா. அவரைக் கூப்பிடுங்க.”

அப்பா திரும்பிய விதத்தை இப்போதும் சொல்ல முடியும். நம்பருக்குத் திரும்புகிற திரும்பல் அல்ல அது.

எங்களைப் போன்ற சின்னப் பிள்ளைகளை நீரூற்றின் படியில் முன்னால் உட்கார வைத்தார்கள். பெரியவர்கள் எங்களுக்குப் பின்னால், கயிறு அவர்களுக்கும் பின்னால். அதனால் எனக்கு முதுகுப்பக்கம் என்ன நடந்தது என்று தெரியாது. எனக்கு எதிரே அப்பா சிவப்புத் தொப்பி வைத்துக்கொண்டு ஓடினார், நின்றார், மறுபடி ஓடினார். ஒத்திகை முடிந்தது. படம் பிடிக்கும் நேரத்தில் ஒரு மேகம் வந்து கட்டடத்தின் மேல் உட்கார்ந்தது. “அஞ்சே நிமிசம்! யாரும் எடத்த விட்டு அசையாதீங்க, முன்ன நின்ன மாதிரியே நிக்கணும், இல்லாட்டி படம் ஒட்டாது!” என்று ஒல்லி மனிதர் கத்தினார். மேகம் போனது, இன்னொன்று வந்தது. அஞ்சே நிமிசம். கேமராவில் ஏதோ கோளாறு. அஞ்சே நிமிசம். பாதி நாளை அந்த மனிதர் அஞ்சு அஞ்சு நிமிசமாகவே வாங்கிக்கொண்டார். யாருக்கும் பசிக்கவில்லை. எனக்கு அந்தப் பகல் முடியவே கூடாது என்று இருந்தது.

பிறகு வெயில் வந்தது. அப்பா ஓடினார். மணிக்கூண்டுக்கு முன்னால் கால் தடுக்கி விழப் போய், சமாளித்துக்கொண்டு, தன்னை அறியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கெட்டுப் போச்சு என்று நினைத்தோம். டைரக்டர் எழுந்து நின்று கைதட்டினார். “இதான்யா வேணும்!”

அப்பா நேராக என்னிடம் வந்து தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். “பாத்தியா? ஒங்கப்பன் ராஜா!”

“போதும். கெளம்புங்க,” என்றார் அம்மா.

சென்டோல் குடித்துவிட்டுப் போகலாம் என்றார் அப்பா. வேண்டாம் என்றார் அம்மா. ஆற்றோரம் கொஞ்சம் நடக்கலாம் என்றார் அப்பா. அம்மா பஸ்ஸைக் கை காட்டி நிறுத்திவிட்டார். எனக்கு அம்மாவின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சந்தோசத்தைப் பொறுக்காத ஆள் என்று மனதுக்குள் திட்டினேன். மிட்டாய் இருக்குமா என்று அவர் கைப்பையைத் திறந்து துழாவினேன். கைக்குட்டையில் சுருட்டி மல்லிகைச் சரம் இருந்தது.

“ஏம்மா பூவ எடுத்துட்டீங்க?”

“வாடிப் போச்சு,” என்று பையை மூடினார்.

வாடவில்லை. விரலில் அந்த வாசனை வீடு வரைக்கும் வந்தது.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு மக்சிக், நாங்கள் அப்படிக் கூப்பிடும் மலாய்க்கார அம்மா, எங்களுக்காகக் காத்திருந்தார். காலையில் தோட்டத்திலிருந்து மோட்டாரில் ஒருவர் தேடி வந்தார், நீங்கள் பண்டாருக்கு, டவுனுக்கு, ஷூட்டிங் பார்க்கப் போய்விட்டதாகச் சொல்லி அனுப்பினேன் என்றார். அப்பா அதற்குள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போயிருந்தார். அம்மா உள்ளே வந்து, அவரை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு குவளை தண்ணீரை முழுசாகக் குடிக்க வைத்து, அதற்கப்புறம் சொன்னார். “தோட்டத்து அண்ணன் தவறிட்டாராம்.” மாமாவை அம்மா அண்ணன் என்றுதான் சொல்வார்.

நம்மில் இது வழக்கம். நெருங்கிய சொந்தத்திடம் சாவை நடுத்தெருவில் வைத்துச் சொல்லக் கூடாது. வீட்டுக்குக் கூட்டி வந்து, உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துத்தான் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அது இன்னும் அவசியம். தாத்தா செத்த சேதியை யாரோ வேலையிடத்தில் பட்டென்று சொல்லி, அவர் அங்கேயே சுருண்டு விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்தவர். மக்சிக் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிந்தது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அம்மா அன்று செய்ததில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

யாருடைய காடியையோ கெஞ்சி வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அம்மா தன் பெட்டியிலிருந்து, தீபாவளிக்கு வாங்கி உடுத்தாமல் வைத்திருந்த நீலச் சேலையை மடியில் வைத்திருந்தார். புருசன் செத்தால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை வர வேண்டும். கோடி என்போம். பிணம் எடுக்கும் முன்னே அண்ணனோ தம்பியோ அதைக் கொண்டுவந்து போர்த்த வேண்டும். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், உனக்கு ஆள் இருக்கிறது என்று அவளுக்கும் ஊருக்கும் சொல்கிற சேலை அது.

லயத்து வீட்டு வாசல் கழுவி விட்டிருந்தது. எடுத்து முடித்துவிட்டிருந்தார்கள்.

தம்பி வருவான் வருவான் என்று கடைசி வரைக்கும் காத்திருக்கிறார்கள். வெயிலில் அதற்கு மேல் வைக்க முடியவில்லை. கோடி போர்த்தும் நேரம் வந்தபோது, பக்கத்து வீட்டில் இருந்த பெண், கூட வேலை செய்கிறவர், தன் வீட்டுக்குள் ஓடிப் போய்த் தன்னுடைய புதுச் சேலையை எடுத்து வந்து அத்தையின் மேல் போட்டிருக்கிறார். அதற்கப்புறம் அத்தை ஒரு பேச்சை வைத்திருந்தார். யாராவது ஊர் கேட்டால், “எனக்குப் பொறந்த வீடு பக்கத்து வீடுதான்” என்பார்.

அப்பா வாசலிலேயே விழுந்து அழுதார். அம்மா சேலையை நீட்டினார். அத்தை அதைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார். நான் மஞ்சள் கவுனோடு நின்றேன். என் கையில் அந்தக் காகிதத் தொப்பி இருந்தது. சாவு வீட்டுக்கு அதையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். அங்கே எங்கே விட்டேன் என்று தெரியாது.

சேதி கொண்டுவந்தவர் தோட்டத்து லோரி ஓட்டுகிற அண்ணன். அவர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: “வீடு பூட்டியிருந்துச்சு. பண்டாருக்குப் போயி, மணிக்கூண்டுகிட்ட கயித்துக்கு அந்தப்பக்கம் நின்ன அக்காவக் கூப்பிட்டுச் சொன்னேன். நீ போ, அவருகிட்ட சொல்லாத, நான் கூட்டிட்டு வர்றேன்னாங்க. அத நம்பித்தான் நீங்கள்லாம் காத்திருந்தீங்க.”

“என்கிட்ட யாரும் வரல,” என்றார் அம்மா.

அந்த அண்ணன் வரும் வழியில் ஒரு போத்தல் குடித்திருந்தார். அது உண்மை. வாயிலேயே வாடை. பூட்டின வீட்டைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்குப் போய்க் குடித்துவிட்டு வந்து கதை சொல்கிறான் என்று ஊர் முடிவு கட்டியது. ஆனால் அத்தைக்கு மட்டும் அது ஆறவில்லை. ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா? கருமாதி வரைக்கும் அந்த ஒரு கேள்விதான்.

கருமாதி அன்று மாரியம்மன் கோவில் வாசலில் பஞ்சாயத்து மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகளை அத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பெரியவர்கள் போனார்கள். திரும்பி வந்தபோது அப்பாவின் வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. கற்பூரத்தைக் கையில் கொளுத்திச் சத்தியம் செய்திருக்கிறார். தெரிந்தும் வராமல் இருந்திருந்தால் என் குடும்பம் விளங்காமல் போகட்டும் என்று. அணைக்கச் சொல்லியும் அணைக்கவில்லையாம். அத்தைதான் ஓடிப் போய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். “போதும்டா தம்பி, நம்புறேன்” என்று அழுதாராம். அத்தோடு சண்டை தீர்ந்தது. அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார், போனார், என் கல்யாணத்தில் சீர் தூக்கினார். நீலச் சேலை மட்டும் அம்மாவின் பெட்டியிலேயே, ஒருத்தரும் உடுத்தாமல், மடிப்பு மடிப்பாக இற்றுப் போனது.

லோரிக்கார அண்ணனுக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் ‘தந்தி’ என்று பேர் வைத்தார்கள். அவர் லோரி வந்தால், “தந்தி வருது, தந்தி வருது, நாளைக்கு வந்து சேரும்!” என்று கத்துவோம். விடுமுறைக்கு வந்து போகிற நானும் கத்தினேன். அவர் ஒரு நாள்கூடத் திரும்பித் திட்டவில்லை. என்னைப் பார்த்தால் மட்டும் லோரிக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்.

அந்த வருசக் கடைசியில் படம் மலாக்காவுக்கு வந்தது. எங்கள் வரிசை வீடே தியேட்டரில் இருந்தது. பாட்டு வந்ததும் நான் நாற்காலியின் மேல் ஏறி நின்றேன். நீரூற்றும் சிவப்புக் கட்டடமும் ஐரோப்பாவாக வந்து, அதில் என் அப்பா ஓடி வந்து, தடுக்கி, சிரித்தார். கண் சிமிட்டும் நேரம்தான். தியேட்டர் விசிலில் கிழிந்தது. அப்பா இருட்டில் தன் உள்ளங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டே பார்த்தார். அம்மா வரவில்லை. தலைவலி என்றார். அத்தை, “என் வீட்டு எழவு அன்னிக்கு எடுத்த படம், அத நான் வேற பாக்கணுமா” என்றார்.

அம்மாவின் தலைவலி அதற்கப்புறம் ஒரு வழக்கமாகவே ஆகிப்போனது. பூ வாசனை ஆகவில்லை என்பார். கல்யாண வீட்டில் பூ நீட்டினால் வாங்கி என் தலையில் வைத்துவிடுவார். அப்பாவுக்கு லேசாகக் காய்ச்சல் வந்தாலும் போதும், நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் முன்னே அவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்ப்பார். எங்களில் யாராவது பரீட்சையில் தோற்றாலும், யாருக்காவது வேலை போனாலும், என் முதல் பிள்ளை தங்காமல் போனபோதும், அம்மா முதலில் போய் நின்ற இடம் அந்த மாரியம்மன் கோவில்தான். பக்தி என்று நினைத்தோம். அப்பா அதைப் பெருமையாகச் சொல்வார்: “ஒங்கம்மா மாதிரி சாமி கும்பிட ஆள் கெடையாது.”

அப்பா போனபிறகு என் மகன்தான் அந்தப் பாட்டை நெட்டில் தேடி எடுத்து டிவியில் போட்டுக் கொடுத்தான். அப்பா நடமாடுகிற படம் எங்களிடம் அது ஒன்றுதான். எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. வந்தவர் போனவருக்கெல்லாம் போட்டுக் காட்டினேன். மாமா செத்த நாள் அது என்று தெரியும். தெரிந்தும், என் சின்ன வயசில் ஆகச் சந்தோசமான நாள் எது என்று யாராவது கேட்டால், வாய் தானாக அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் போகும். நல்லவேளை, ஒருவரும் கேட்டதில்லை. அத்தனை தடவையும் நான் பார்த்தது இரண்டே ஆளை. ஓடுகிற அப்பாவை, படியில் உட்கார்ந்து வாய் பிளந்து சிரிக்கிற என்னை. எனக்குப் பின்னால் நிற்கிற அம்மாவின் தலையைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அத்தை கேட்டபடி திருப்பிப் போட்டேன்.

முதலில் ஆட்டம். கூட்டம் கைதட்டுகிறது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு பக்கவாட்டில் திரும்புகிறார். கொண்டையைச் சுற்றி வெள்ளையாக, கொத்தாக, பூ. அப்புறம் ஆறு, பாலம், மலைமேல் இடிந்த மாதா கோவில், மறுபடி சிவப்புக் கட்டடம். அப்பா ஓடி வருகிறார். எல்லா முகமும் அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறது. அம்மா நிற்கிறார். தலையில் ஒன்றும் இல்லை. கையில் காகிதத் தொப்பிக்குள் எதையோ வைத்து நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருக்கிறார்.

“நிப்பாட்டு,” என்றார் அத்தை.

நிறுத்தினேன். மேலே மணிக்கூண்டில் மணியே தெரிந்தது. அத்தை மணியைப் பார்க்கவில்லை.

“அந்த லோரிக்காரப் பய அன்னிக்குக் கோயில்ல சொன்னான்,” என்றார். குரல் ரொம்ப அடங்கியிருந்தது. “அக்காகிட்ட சொன்னதும் தலையில இருந்த பூவ எடுத்துட்டாங்க, எடுத்துக் கையில வெச்சுக்கிட்டு நின்னாங்க, நான் கண்ணால பாத்தேன்னான். ஒங்கம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டா. ஒங்கப்பனுக்கு வந்துச்சே கோவம். என் பொண்டாட்டி மேல பழி போடுறியாடான்னு கத்திக்கிட்டுத்தான் கற்பூரத்த எடுத்தான். குடிகாரப் பயலுக்கு இவ்வளவு கற்பனையான்னு நான் அவன் மூஞ்சியில தண்ணிய வீசுனேன். ஒங்கப்பன் கையில ஊத்துன மிச்சத் தண்ணி.”

எனக்கு அந்தக் கைக்குட்டை ஞாபகம் வந்தது. அதில் சுருட்டியிருந்த வாடாத பூ.

“அவரு இப்ப எங்க, அத்தை?”

“எவன், அவனா? சிரம்பான் பக்கம் போனான். அங்கேயே போய்ச் சேந்துட்டான். நான் துக்கத்துக்குப் போகல.”

திரையில் அப்பா ஒரு காலைத் தூக்கியபடி, விழாமல், சிரித்துக்கொண்டே நின்றார். அந்தச் சிரிப்பை அஞ்சு நிமிசம் விட்டுவைக்கலாம் என்று அம்மா நினைத்திருப்பார். வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கொடுத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். மேகம் வந்துகொண்டே இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதையெல்லாம் அத்தையிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். ஆனால் கோவிலில் அவர் தலைகுனிந்து நின்றதை எந்த மேகத்தின் மேலும் போட முடியாது. அத்தை கேட்டால் அம்மா இந்த வயதில் தாங்குவாரா? கேட்காமல் போனால் அத்தை தாங்குவாரா?

சமையலறையில் கரண்டி சத்தம் நின்றது. அம்மாவின் செருப்பு தரையைத் தேய்த்துக்கொண்டு வரும் ஓசை கேட்டது. அத்தையின் கை என் மடியில் இருந்த ரிமோட்டை எடுத்தது. எந்தப் பித்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்றை அமுக்கினார், சத்தம் கூடியது. ரிமோட்டை என் மடியிலேயே போட்டுவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சுவர்வரை நடந்து, சுவிட்சைத் தட்டினார். அப்பா மறைந்தார்.

அம்மா தேத்தண்ணித் தட்டோடு வாசற்படியில் வந்து நின்றார்.

“என்ன அண்ணி, படம் பாக்கலையா?”

“கரண்டு போயிருச்சு,” என்றார் அத்தை.

அம்மா அண்ணாந்து பார்த்தார். எங்கள் மூன்று பேருக்கும் மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. பார்த்த கண்ணை அவர் கீழே இறக்கவில்லை. கையில் தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கோப்பைகள் ஓரத்துக்கு நகர்ந்தன.

அத்தை கிட்டே போய், அந்தத் தட்டை அம்மாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.